இளவரசனுக்குக் கூண்டைத் திறந்த பதின்மூன்று பேர்

காலை ஒன்பது மணி நாற்பத்திரண்டு நிமிடம். திரையில் கிளிக்கூண்டு காலியாக இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்த நீலச்சட்டை மாணவர் விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "மச்சான், முடிஞ்சிடிச்சிடா" என்றார். அவர் விளையாட உட்கார்ந்தது ஒன்பது நாற்பதுக்கு. அரை மணி நேரம் ஓட வேண்டிய விளையாட்டு அது.

நம்மிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். நம் விளையாட்டில், பூதத்தின் வீட்டுக் கூடத்தில், வலது மேல் மூலையில் ஓர் அண்டா இருக்கிறது. அதைத் திறக்க முடியாது, நகர்த்த முடியாது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. அது எதற்கு? அந்தக் கேள்விக்கான பதில்தான் இது. பதிலில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த நீலச்சட்டை மாணவர் உட்கார்ந்திருந்தது சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகம். கடலூரிலிருந்து காலை முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்து மூன்று பேர் போயிருந்தோம். ஜெனிஃபர், சரவணன், நான். அப்போது நிறுவனம் என்பதே அந்த மூன்று பேரும் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையும்தான். கதை ஜெனிஃபருடையது. படமும் நிரலும் சரவணன். நான் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இருபத்து நான்கு ஆண்டுகள் துணையாசிரியராக இருந்துவிட்டு வந்தவள். விளையாட்டில் வரும் ஒவ்வொரு வரியையும் திருத்துவது என் வேலை. இரண்டு பேருக்கும் அம்மா வயது எனக்கு. ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

விளையாட்டின் பெயர் 'பூதம் வீட்டு வேலை'. நீங்கள் இப்போது பார்க்கும் அதே கதைதான். ஏழு கடல் தாண்டி ஒரு பூதம். அதன் உயிர் ஒரு கிளியில். அந்தக் கிளியைத் தேடி ஓர் இளவரசன். இதுவரை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் விளையாடுபவர் இளவரசன் இல்லை, பூதத்தின் வீட்டில் வேலை செய்பவர். பூதம் சாது. வெங்காயம் உரித்தால் அழும். இளவரசியை யாரும் தூக்கி வரவில்லை, தேர்வுக்குப் படிக்க இடம் கேட்டு மாடியில் குடிவந்தவள். இளவரசன் மட்டும் பழைய விளையாட்டுகளின் நாயகன் எப்படி நடந்துகொள்வானோ அப்படியே நடந்துகொள்வான். கேட்காமல் வீட்டுக்குள் வருவான், பானையை உடைப்பான், பெட்டியைத் திறந்து இருப்பதை எடுத்துக்கொள்வான். கட்டம் கட்டமான படம், கீழே மூன்று வரிப் பெட்டியில் பேச்சு என்று தோற்றமும் அந்தப் பழைய காலத்ததுதான்.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனம் ஒன்றில் தேர்வு செய்யும் பொறுப்பில் இருந்தவர். கல்லூரி விழாவுக்கு நடுவராக வந்தார், நமக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார். ஜெனிஃபருக்குச் சென்னையில் ஒரு வேலை வந்திருந்தது. சேருகிறாரா இல்லையா என்று அன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். வருபவர் வேண்டாம் என்றால் அவர் சேர்ந்துவிடுவார், மாடி அறையைக் காலி செய்துவிடுவோம். வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தார். எங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

சென்னைக்காரர் வருவதற்குள் வெளியாள் யாராவது விளையாடிப் பார்க்கட்டும் என்று நான்கு கணினிகளில் விளையாட்டை ஏற்றி, மாணவர்களை வரிசையாக உட்கார வைத்தோம். நீலச்சட்டைக்காரர் முதல் ஆள். பத்தரைக்குள் பதினோரு பேர் விளையாடினார்கள். பதினோரு பேரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள்.

முதல் காட்சியிலேயே இளவரசன் வருவான். "நான் இளவரசன். கூண்டைத் திற" என்பான். கீழே இரண்டு வாய்ப்புகள்: திற, திறக்காதே. திறந்தால் கிளி அவன் கைக்குப் போய்விடும். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் பூதம், "யாராவது கிளியைத் தொட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு மெதுவாகச் சாயும். விளையாட்டு முடிந்தது.

பதினோரு பேரும் திறந்தார்கள். ஒருவர்கூட யோசிக்கவில்லை. "இளவரசன் கேக்கறாரு, குடுக்காம?" என்றார் ஒரு மாணவி. பூதம் சாய்ந்ததும் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

எட்டு மாதம் அந்த மாடி அறையில் இந்தக் கதையைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு, இப்போதும் இருக்கிறது. ஒருவர் எழுதிய வரியை இன்னொருவர் நின்றுகொண்டு உரக்கப் படிக்க வேண்டும். ஒரே மூச்சில் படிக்க முடியாத வரி வெட்டப்படும். அப்படி ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறோம், ஒவ்வொன்றுக்கும் சிரித்திருக்கிறோம். ஆனால் படித்தவர்களும் சிரித்தவர்களும் இளவரசன் தொல்லை பிடித்தவன் என்று முன்பே தெரிந்த மூன்று பேர். வெளியே இருப்பவருக்கு இளவரசன் என்றால் நாயகன், பூதம் என்றால் சாக வேண்டியது. அதை மாற்றுவதற்கு எங்கள் விளையாட்டில் எதுவுமே இல்லை என்பது அன்று காலைதான் தெரிந்தது.

தாழ்வாரத்துக்கு வந்து பேசினோம். ஜெனிஃபர் சத்தம் போடவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"நீ வரைஞ்ச மூஞ்சிதான்டா பிரச்சன. சினிமா ஹீரோ மாதிரி வரைஞ்சி வச்சிருக்க."

"எட்டுக்கு எட்டு கட்டத்துல மூஞ்சி எங்க இருக்குது?" என்றார் சரவணன். "ரெண்டு புள்ளி கண்ணு, ஒரு புள்ளி மூக்கு. அதுல இன்னா ஹீரோவ பாத்துட்ட நீ?"

"அப்ப கிரீடத்த எடு."

"கிரீடத்த எடுத்தா கொரியர் குடுக்க வந்தவன் மாதிரி இருப்பான்."

என் கையில் குறிப்பேடு இருந்தது. அதில் பதினோரு பேர் விளையாடிய நேரத்தையும் வரிசையாக எழுதியிருந்தேன். இரண்டு நிமிடம், ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம். அந்த எண்களைப் பார்த்ததுமே காரணம் என்ன என்று எனக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. எச்சரிக்கையாக ஒரு வரி சேர்த்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். அங்கேயே எழுதிக் கொடுத்தேன்: "இவனை நம்பாதீர்கள். கிளி போனால் என் உயிரே போய்விடும்." தெளிவான வரி. பூதம் பேசுவது போலச் சேர்த்தோம். அடுத்த மாணவர் அந்தப் பெட்டியைப் படிக்காமலே பொத்தானைத் தட்டி நகர்த்திவிட்டுக் கூண்டைத் திறந்தார். அதற்கடுத்தவர் படித்தார். படித்துவிட்டு, "வில்லன் அப்படித்தான் சொல்லுவான்" என்று திறந்தார்.

பதின்மூன்று.

பதினொன்று பத்துக்கு ஆய்வகத்தைத் துடைக்கிற அம்மா வாளியோடு உள்ளே வந்தார். எல்லாக் கல்லூரிகளிலும் போல அங்கேயும் ஆய்வகத்துக்குள் செருப்பு கூடாது. வாசலில் பலகையில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. நடுவழியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைத்துவிட்டு அவர் நிமிர்ந்த நேரம், வேறு துறை மாணவர் ஒருவர் போனில் பேசிக்கொண்டே ஷூவோடு உள்ளே நடந்து வந்தார். ஈரத்தில் ஏழு தடம் பதிந்தது.

"யாருப்பா அது! இப்பதான தொடச்சிட்டு நிமுர்றேன். தரை ஈரமா இருக்கறது கண்ணுக்குத் தெரியல?"

"ஒரு நிமிஷம்மா, பென் டிரைவ் எடுத்துக்கினு போயிடறேன்."

"ஒரு நிமிஷம்னா காலு பறந்துக்கினா வருது? நட்டமா நிக்கிற, எறங்குய்யா மொதல்ல!"

நான் பார்த்தது அந்த அம்மாவை இல்லை. உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். நீலச்சட்டை உட்பட, இளவரசனுக்குக் கூண்டைத் திறந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பி அந்த மாணவரின் காலையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் யார், எந்தத் துறை, நல்லவரா கெட்டவரா, எதுவும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை.

இனி என் தவறு. ஜெனிஃபரின் முதல் பிரதியில் இளவரசன் முதல் காட்சியில் வரவில்லை. விளையாட்டு கூடத்தைத் துடைப்பதில்தான் தொடங்கியது. எட்டுக்கு ஆறு, நாற்பத்தெட்டுக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து துடைக்க வேண்டும். நான்கு நிமிடம் ஆகும். அதன்பிறகுதான் கதவு தட்டப்படும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நான் சிவப்பு மையில் எழுதினேன்: "நான்கு நிமிடமாக ஒன்றுமே நடக்கவில்லை. இளவரசனை மேலே கொண்டு வரவும்." துடைக்கிற காட்சியை முழுதாக வெட்டினேன். "தொடைக்கறது ஜாலியா இருக்குமே அக்கா" என்று சரவணன் சொன்னது நினைவிருக்கிறது. அதில் செய்தி இல்லை என்றேன். குறிப்பேட்டில் இருந்த அந்த இரண்டு நிமிடங்கள் எனக்கு நினைவூட்டியது இதைத்தான்.

செய்திப் பக்கத்தில் அது சரியான திருத்தம். முக்கியமானது முதல் வரியில் வர வேண்டும், மற்றவை கீழே, இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டலாம். இருபத்து நான்கு ஆண்டுகள் அதைச் செய்த கை, யோசிக்காமல் அதையே செய்தது. பதின்மூன்று மாணவர்களும் பழக்கத்தில் கூண்டைத் திறந்தார்கள். நான் பழக்கத்தில் வெட்டினேன்.

இருவரையும் மறுபடி தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டேன். "மூஞ்சியில தப்பு இல்ல. தப்பு என்னோடது. தொடைக்கற காட்சிய வெட்டுனது நான்தான்" என்றேன்.

"அக்கா, யாரு தப்புன்னு பாக்கற நேரமா இது?" என்றார் ஜெனிஃபர்.

"ஆமா. அது தெரிஞ்சாதான் எத மாத்தணும்னு தெரியும்."

உள்ளே பார்த்ததைச் சொன்னேன். ஜெனிஃபர் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார். பிறகு கேட்டது நியாயமான கேள்வி. "வெட்டும்போதும் இதே மாதிரி உறுதியாத்தான் சொன்னீங்க. இப்ப சேக்கணும்னும் உறுதியா சொல்றீங்க. வர்றவருக்கு இருக்கறதே அரை மணி நேரம். நாலு நிமிஷம் தரைய தொடைக்க வச்சா எழுந்து போயிட மாட்டாரா? நான் எத நம்பறது?"

"என்ன நம்ப வேணாம். உள்ள திரும்பிப் பாத்தாங்களே, அத நம்பு."

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். முடிவெடுக்க வேண்டியவர் ஜெனிஃபர். நான் சொல்லக்கூடியது இரண்டுதான்: கண்ணால் பார்த்தது என்ன, முன்பு செய்த தவறு என்ன. இரண்டாவதை மறைத்துக்கொண்டு முதலாவதை மட்டும் சொல்லியிருந்தால், அவர் கிரீடத்தை எடுப்பதா மீசை வைப்பதா என்றுதான் முடிவெடுத்திருப்பார். அதற்கு முன்னால் நாற்பது நிமிடம் என் தவறை நான் சொல்லவில்லை. அந்த நாற்பது நிமிடமும் சரவணன் தன் மேல் இல்லாத பழியைச் சுமந்துகொண்டிருந்தார். இன்றுவரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஜெனிஃபர் அவரிடம் திரும்பினார். "பழசு இருக்குதா?"

"அக்கா வெட்டச் சொன்னா வெட்டுவேன். தூக்கிப் போடமாட்டேன்" என்றார் சரவணன். மடிக்கணினியை ஏற்கெனவே திறந்திருந்தார்.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் காட்சி பழைய இடத்துக்கு வந்தது. நான் இரண்டு மாற்றங்கள் மட்டும் கேட்டேன். எச்சரிக்கை வரி போக வேண்டும். இளவரசன் உள்ளே வரும்போது செருப்பைக் கழற்றக்கூடாது, அவன் மிதிக்கிற கட்டம் ஒவ்வொன்றிலும் சேற்றுத் தடம் விழ வேண்டும். அவன் பேசுகிற வரி பழையதுதான். ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் இருந்த ஒரு மாணவியை உட்கார வைத்தோம். காலையில் விளையாடாதவர். முதல் இரண்டு வரிசையை அலுப்போடு துடைத்தார். மூன்றாவது வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கட்டம் விட்டுப்போனதைக் கண்டு திரும்பிப் போய்த் துடைத்தார். யாரும் சொல்லவில்லை. நாற்பத்தேழாவது கட்டம் முடிந்து வலது மேல் மூலைக்குப் போனதும் திரை அப்படியே நின்றது. எந்த விசைக்கும் அசையவில்லை.

"ஐயோ, தொடச்சதெல்லாம் போச்சா?" என்றார் அந்தப் பெண்.

மணி ஒன்று இருபது. மூலைக்குள் போனால் திரும்ப முடியாமல் ஆள் சிக்கிக்கொள்கிறான், காரணம் தேட இரண்டு மணி நேரமாவது வேண்டும் என்றார் சரவணன். நாற்பது நிமிடம் இருந்தது. ஜெனிஃபர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மூலைக்குள்ள போனாத்தான சிக்குது? போவாத மாதிரி பண்ணிட்டா?" என்று கேட்டேன்.

சரவணன் படக் கோப்புகளைத் திறந்தார். "அங்க ஒரு அண்டா வச்சிடறேன்."

"அண்டாவா?"

"அடுப்படிக்கு வரைஞ்சது ஒண்ணு சும்மா கெடக்குது. ஈசான மூலதான? தண்ணி இருந்தா நல்லதுன்னுதான் சொல்லுவாங்க."

அப்படித்தான் அந்த அண்டா வந்தது. நாற்பத்தெட்டு நாற்பத்தேழு ஆனது. பின்னாளில் சரவணன் சிக்கலைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டார். அண்டாவை எடுக்க ஜெனிஃபர் சம்மதிக்கவில்லை.

அதே மாணவியை மறுபடி துடைக்கச் சொன்னோம். துடைத்தார். கதவு தட்டப்பட்டது. இளவரசன் சேற்றுக் காலோடு உள்ளே வந்தான். ஒன்று, இரண்டு, மூன்று தடம்.

"டேய் டேய் டேய்! செருப்ப கழட்டுடா! எரும, இப்பதான்டா தொடச்சேன்!"

"நான் இளவரசன். கூண்டைத் திற."

"நீ எவனா இருந்தா எனக்கு இன்னா? தொறக்கமாட்டேன் போ!" திறக்காதே என்ற பொத்தானை அவர் அடித்த அடியில் மேசை ஆடியது. மாடியிலிருந்து இளவரசியின் குரல் வந்தது. "யாரு வந்திருக்கறது? இளவரசனா? நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடுங்க." அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் அடுத்த மூன்று வரிகளைப் படிக்கவே இல்லை.

ஒரே ஒருவர். அதற்கு மேல் சோதிக்க நேரமில்லை. ஒருவரை வைத்து முடிவெடுப்பது சரியில்லை என்று எனக்கும் தெரியும், ஜெனிஃபருக்கும் தெரியும். காலைப் பிரதியைத் தனியாக ஒரு கணினியில் வைத்திருந்தோம். பாதுகாப்பான வழி என்று பார்த்தால் அதுதான், ஏற்கெனவே பதின்மூன்று பேர் சிக்காமல் விளையாடி முடித்தது. ஜெனிஃபர் போய் அந்தக் கணினியை அணைத்துவிட்டு வந்தார்.

"தொடைக்கட்டும்" என்றார்.

இரண்டு பத்துக்குச் சென்னைக்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், மெருகேற்றிய கறுப்பு ஷூ. கூடவே வந்த பேராசிரியர் செருப்பைக் கழற்றினார். இவர் பேசிக்கொண்டே கவனிக்காமல் ஷூவோடு உள்ளே வந்தார். வாளியோடு ஓரமாக நின்ற அம்மா வாயைத் திறந்தார். பேராசிரியர் கண்ணைக் காட்டியதும் மூடிக்கொண்டார்.

அவர் உட்கார்ந்து துடைக்கத் தொடங்கினார். முதல் நிமிடம் முடிவதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜெனிஃபர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது வரிசை. மூன்றாவது வரிசை. விட்டுப்போன கட்டம் ஒன்றுக்கு அவரும் திரும்பிப் போனார்.

"மூலைல அண்டா எதுக்கு?"

நான் ஜெனிஃபரைப் பார்த்தேன். ஜெனிஃபர் சரவணனைப் பார்த்தார்.

"ஈசான மூல சார்" என்றார் சரவணன். "தண்ணி புடிச்சி வச்சிருக்குது."

அவர் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார். கதவு தட்டப்பட்டது. இளவரசன் உள்ளே வந்தான், தடம் விழுந்தது. அவர் திறக்காதே என்பதை அழுத்திவிட்டு, தடங்களை மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

"இவன் எத்தன தடவ வருவான்?"

"ஏழு தடவை சார்" என்றார் ஜெனிஃபர்.

"ஏழு தடவையும் தொடைக்கணுமா?"

"ஆமா சார்."

கைக்கடிகாரத்தை அவர் மறுபடி பார்க்கவில்லை.

முடிவை முதலில் சொல்லும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை, ஆகவே பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை பேசலாம், இளவரசனை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அது உறுதிமொழி இல்லை. ஆனாலும் சென்னை வேலைக்கு வரவில்லை என்ற பதிலை ஜெனிஃபர் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு அனுப்பினார். விளையாட்டு வெளிவந்தது. இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைகள் அதன் பிறகு எடுத்தவை.

திரும்ப ஆய்வகத்துக்கு வருகிறேன். அவர் அரை மணி நேரம் என்று சொல்லியிருந்தார். இளவரசன் மூன்றாவது முறை வந்துபோன பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மேசைக்கு அடியில் கால்களை அசைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மூன்று ஐந்துக்கு எழுந்தார். பேராசிரியரோடு பேசிக்கொண்டே, ஷூ இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வாசல் வரை சாக்ஸ் காலோடு நடந்தார்.